படம் எடுப்போர் காலடியில் அழியும் உயிர்கள்

புது தில்லி: கேரளத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில், விரல் நுனி அளவே உள்ள ஏழு அரிய தவளைகள் காணாமல் போய்விட்டன என்ற செய்தி 2025 டிசம்பரில் வெளியானது. துப்பாக்கியோ, கண்ணியோ, மரம் அறுக்கும் இயந்திரமோ இதற்குக் காரணம் அல்ல. படம் எடுக்க வந்தவர்களே காரணம் என்கிறது லண்டன் விலங்கியல் கழகத்தின் ஆதரவுடன் அங்கு ஆய்வு நடத்தியவரின் அறிக்கை. வன உயிர்களை அழிப்பவர்கள் ஒருபுறம், நேசிப்பவர்கள் மறுபுறம் என்று இதுவரை வகுக்கப்பட்டிருந்த எல்லைக்கோட்டை இந்தச் செய்தி அழித்துவிட்டது.

தமிழக - கேரள எல்லையில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே உள்ள தனுவச்சபுரம் போன்ற ஊர்களுக்கு இது எங்கோ நடந்த சம்பவம் அல்ல. ரப்பரும் தென்னையும் மரவள்ளியும் நிறைந்த இச்சிற்றூர்களுக்குக் கிழக்கே அகத்தியமலைத் தொடர் எழுகிறது. 1958-இல் அறிவிக்கப்பட்ட, 128 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நெய்யாறு வன உயிரினச் சரணாலயம் அங்கே உள்ளது. அதன் மறுபுறம் தமிழகத்தின் கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயமும், களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகமும் இருக்கின்றன. இவை அடங்கிய அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 3,500 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 2016-இல் அது யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் இடம்பெற்றது.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கு நடைப்பயணம் தொடங்குகிறது. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று கேரள வனத்துறை வரையறுத்து அனுமதிச் சீட்டு வழங்குகிறது. அவர்களில் கேமராவோ, கேமரா பொருத்திய செல்போனோ இல்லாதவர் அநேகமாக எவரும் இருக்க முடியாது. எனவே, ஏழு தவளைகளின் கதை எழுப்பும் கேள்வி இந்த மலையடிவார மக்களுக்கும் உரியதே.

நடந்தது என்ன?

கருநிற உடலில் வெளிர்நீலப் புள்ளிகள் விண்மீன்களைப் போலச் சிதறிக் கிடப்பதால், இந்தத் தவளையை 'விண்மீன் தவளை' எனலாம். மெலனோபேட்ராக்கஸ் இண்டிகஸ் என்பது அதன் அறிவியல் பெயர். 1878-இல் பெடோம் என்ற ஆங்கிலேய அதிகாரி இதை முதலில் விவரித்தார். தன் பேரினத்தில் எஞ்சியுள்ள ஒரே இனம் இது. தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. ஈரமான சோலைக்காட்டுத் தரையில், மட்கிய மரத்துண்டுகளுக்கும் கற்களுக்கும் அடியிலேயே அதன் வாழ்க்கை கழிகிறது.

2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏழு தவளைகளை ஆய்வாளர் கண்டறிந்தார். கரோனா கட்டுப்பாடுகள் முடிந்து அவர் மீண்டும் அங்கு சென்றபோது, மரத்துண்டுகள் புரட்டப்பட்டும் உடைந்தும் கிடந்தன. தரைச் செடிகள் மிதிபட்டிருந்தன. தவளைகள் ஒன்றுகூட இல்லை. இடைப்பட்ட காலத்தில் புகைப்படக் கலைஞர்கள் சிறு சிறு குழுக்களாக வந்து சென்றதை, உள்ளூர் வழிகாட்டி ஒருவர் மூலம் அவர் அறிந்துகொண்டார். மரத்துண்டுகளைப் புரட்டித் தவளைகளைத் தேடியதாகவும், கையுறை இன்றிப் பிடித்து, படம் அழகாக அமையும் இடங்களில் வைத்து எடுத்ததாகவும், அதில் இரு தவளைகள் இறந்ததாகவும் அந்த வழிகாட்டி கூறியிருக்கிறார். பின்னர் பலமுறை தேடியும் அந்த இடத்தில் தவளைகள் தென்படவில்லை.

ஒரு தவளையைக் கையில் எடுப்பதில் அப்படி என்ன கேடு என்று கேட்கத் தோன்றும். தவளைக்குத் தோலும் ஒரு சுவாச உறுப்பு. நீரை உறிஞ்சுவதும் அதன் வழியாகவே. வெறுங்கையின் வெப்பமும் உப்பும் பூச்சிவிரட்டிக் களிம்பும் அந்த மெல்லிய தோலை நேரடியாகத் தாக்குகின்றன. ஒன்றைத் தொட்ட கையால் மற்றொன்றைத் தொடும்போது, உலகெங்கும் தவளைகளைக் கொன்றுவரும் பூஞ்சை நோய் பரவவும் வழி உண்டாகிறது. மரத்துண்டைப் புரட்டிவிட்டு அப்படியே விட்டுச் சென்றால், பல ஆண்டுகளாக அடியில் தேங்கியிருந்த ஈரம் விரைவில் உலர்ந்துவிடும். மனிதருக்கு அது மரத்துண்டு. தவளைக்கு அதுவே வீடு.

உலகில் உள்ள நீர்நில வாழ்வனவற்றில் சுமார் 41 சதவீத இனங்கள் அழியும் அபாயத்தில் இருப்பதாக 2023-இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு தெரிவித்தது. பாலூட்டிகளையும் பறவைகளையும் விட மோசமான நிலை இது. அத்தகைய கூட்டத்தில் ஏழு உயிர்கள் என்பது சிறிய எண்ணிக்கை அல்ல.

புகைப்படம் செய்த நன்மை

இதைக் கொண்டு கேமராவையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட முடியாது. இந்தியாவில் வன உயிரினப் பாதுகாப்பின் வரலாற்றில் புகைப்படத்துக்குத் தனி இடம் உண்டு. இமயமலை அடிவாரக் காடுகளில் பணியாற்றிய ஆங்கிலேய வன அதிகாரி சாம்பியன், புலி தானே கம்பியை மிதித்துத் தன்னைப் படமெடுத்துக்கொள்ளும் முறையைக் கையாண்டு, 1927-இல் புலிப் படங்களுடன் நூல் வெளியிட்டார். புலியைச் சுட்டுத் தோலை உரிப்பதே வீரம் என்று கருதப்பட்ட காலத்தில், துப்பாக்கிக்கு மாற்றாக கேமராவை முன்வைத்தவர் அவர். தமிழகத்தில் மா. கிருஷ்ணன், விலை உயர்ந்த கருவிகள் இன்றியே கருப்பு வெள்ளையில் யானைகளையும் பிற விலங்குகளையும் அவை வாழும் சூழலோடு பதிவு செய்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அவருக்கு 1960-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

புலிகளின் கணக்கெடுப்பிலும் புகைப்படமே உண்மையை வெளிக்கொணர்ந்தது. பாதத் தடங்களைக் கொண்டு பல ஆண்டுகள் நடத்தப்பட்ட கணக்கெடுப்பு, ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் புலிகள் இருப்பதாகவே காட்டிவந்தது. அங்கு ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்ற உண்மை 2004 - 05-இல் வெளிப்பட்டபோது நாடே அதிர்ந்தது. அதைத் தொடர்ந்து புலிகள் பணிக்குழு அமைக்கப்பட்டது; தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் உருவானது; கணக்கெடுப்பு முறையும் மாறியது. மனிதரின் கைரேகையைப் போல ஒவ்வொரு புலிக்கும் வரிகள் வேறுபடும். தானியங்கி கேமராக்கள் பதிவு செய்யும் படங்களில் இந்த வரிகளை ஒப்பிட்டுத் தனித்தனிப் புலிகள் அடையாளம் காணப்படுகின்றன.

2018-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் இத்தகைய கேமராக்கள் வைக்கப்பட்டன. பதிவான 3 கோடியே 48 லட்சத்துக்கும் அதிகமான படங்களில் 76,651 படங்கள் புலிகளுடையவை. உலகின் மிகப் பெரிய தானியங்கி கேமரா கணக்கெடுப்பு என்று கின்னஸ் சாதனை நூலில் அது இடம்பெற்றது. 2006-இல் 1,411 என்று மதிப்பிடப்பட்ட புலிகளின் எண்ணிக்கை, 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சராசரியாக 3,682 என்று உயர்ந்திருந்தது. இந்த எண்களுக்கு நம்பகத்தன்மை தந்தது புகைப்படமே.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. மரத்தில் கட்டப்பட்ட தானியங்கி கேமரா விலங்கை அழைப்பதில்லை, துரத்துவதில்லை, அதன் வீட்டைக் கலைப்பதில்லை. வருவதைப் பதிவு செய்கிறது, வராவிட்டால் காத்திருக்கிறது. விண்மீன் தவளைகளைத் தேடிச் சென்றவர்களிடம் இல்லாமல் போனது அந்தப் பொறுமைதான்.

மாறிய சூழல்

கடந்த இருபது ஆண்டுகளில் கேமரா எளிதில் கிடைக்கும் பொருளாகிவிட்டது. படத்தை வெளியிடப் பத்திரிகை ஆசிரியரின் ஒப்புதல் தேவையில்லை. சமூக ஊடகங்கள் போதும். அரிய இனத்தின் படத்துக்குப் பாராட்டு குவிகிறது. அந்தப் பாராட்டே, அடுத்தவரையும் அதே இடத்துக்கு அழைத்துவருகிறது. பறவையின் குரலைப் பதிவு செய்து மீண்டும் மீண்டும் ஒலிக்கவிட்டு வரவழைப்பது, இரை வைத்து ஈர்ப்பது, கூட்டை மறைத்திருக்கும் கிளைகளை வெட்டிவிட்டுக் குஞ்சுகளைப் படமெடுப்பது, இரவாடி விலங்குகளின் கண்ணில் தொடர்ந்து ஒளி பாய்ச்சுவது ஆகியவை நேர்மையான புகைப்படக் கலைஞர்களே கண்டித்துவரும் பழக்கங்கள். மறைத்திருந்த கிளை போனால், குஞ்சுகள் வெயிலுக்கும் காகத்துக்கும் இரையாகும் என்பது கிராமத்துச் சிறுவனும் அறிந்ததே.

படத்துடன் இடத்தின் விவரமும் சேர்ந்து வெளியாவது மற்றோர் ஆபத்து. தெற்குச் சீனத்தில் 1999-இல் புதிதாக விவரிக்கப்பட்ட ஒருவகைப் பல்லி, ஆய்வுக் கட்டுரையில் இடம் குறிப்பிடப்பட்டதையே வழிகாட்டியாகக் கொண்ட வியாபாரிகளால் சில ஆண்டுகளில் அந்த இடத்திலிருந்து ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்டது. ஆய்வாளர்களின் கட்டுரையே அவ்வாறு பயன்படும் என்றால், செல்போன் படத்துடன் தானாகப் பதிவாகும் இடக்குறிப்பு எவ்வளவு எளிதில் பயன்படும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆபத்து விலங்குக்கு மட்டுமல்ல. பந்திப்பூர் சாலையில் 2025 ஆகஸ்டில் காட்டு யானையுடன் தற்படம் எடுக்க முயன்ற ஒருவரை யானை தாக்கியது. நூலிழையில் உயிர் தப்பிய அவருக்கு கர்நாடக வனத்துறை ரூ. 25 ஆயிரம் அபராதம் விதித்தது. வால்பாறை மலைச்சாலையில் வரையாட்டின் கொம்பைப் பிடித்துப் படமெடுத்துக்கொண்ட இருவர் 2023-இல் தமிழக வனத்துறையால் கைது செய்யப்பட்டனர். அவர்களைக் காட்டிக்கொடுத்தது பெருமைக்காக எடுக்கப்பட்ட அதே படம்தான்.

சட்டம் சொல்வது

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டபோது, சரணாலயங்களுக்குள் நுழைய அனுமதி வழங்கத்தக்க காரணங்களில் ஒன்றாகப் புகைப்படம் எடுத்தலையும் 28-ஆவது பிரிவு சேர்த்திருந்தது. அதற்கு நிபந்தனை ஏதும் அப்பிரிவின் வாசகத்தில் இல்லை. 2022-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் இந்தக் குறையைக் களைந்தது. வாழிடத்தில் மாற்றம் ஏதும் செய்யாமலும், வாழிடத்துக்கோ வன உயிர்களுக்கோ பாதிப்பு ஏற்படுத்தாமலும் புகைப்படமும் திரைப்படமும் எடுக்கலாம் என்பதே இப்போதைய வாசகம். 2023 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. பொதுவான மீறல்களுக்கான அபராத உச்சவரம்பும் ரூ. 25 ஆயிரத்திலிருந்து ரூ. 1 லட்சமாக உயர்த்தப்பட்டது.

இந்த வாசகத்தின்படி, சரணாலயத்திலோ தேசியப் பூங்காவிலோ தவளைக்காக மரத்துண்டைப் புரட்டுவதே அனுமதியின் நிபந்தனையை மீறுவதாகும். ஆனால், இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, வேட்டை என்ற சொல்லுக்கு அதே சட்டம் தரும் விளக்கம். பிடித்தல், கண்ணி வைத்தல், இரை வைத்து ஈர்த்தல் ஆகியவை வேட்டையில் அடங்கும். பறவைகள், ஊர்வனவற்றின் முட்டைகளையும் கூடுகளையும் கலைப்பதும் வேட்டையே. நீர்நில வாழ்வனவற்றின் முட்டைகளும் மறைவிடங்களும் அந்த வரியில் இல்லை. கூட்டைக் கலைப்பவருக்கு எதிராக நேரடியாகப் பேசும் சட்டம், தவளையின் மரத்துண்டைக் கலைப்பவரிடம் சுற்றிவளைத்தே வரவேண்டியிருக்கிறது.

இரண்டாவது, 28-ஆவது பிரிவின் எல்லை. அது சரணாலயங்களையும் தேசியப் பூங்காக்களையும் மட்டுமே கட்டுப்படுத்தும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அரிய தவளைகளும் பாம்புகளும் வரைபடம் பார்த்து வாழ்வதில்லை. ஏலத் தோட்டம், தேயிலைத் தோட்டத்தின் ஓடைக்கரை, தனியார் விடுதியின் பின்புறச் சரிவு ஆகியவையும் அவற்றின் வாழிடங்களே. மழைக்கால இரவுகளில் அங்கு கைவிளக்குடன் செல்லும் குழுக்களைக் கேட்பார் இல்லை. பத்துக்கு மேற்பட்ட கேமராக்கள் ஒரே தவளையைச் சூழ்ந்து நின்றாலும், அனுமதிச் சீட்டு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

உச்ச நீதிமன்றத்தின் பார்வை

நீதிமன்றங்கள் இந்தப் பிரச்னையைச் சுற்றுலாவின் கோணத்திலேயே பார்த்துவருகின்றன. புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவுக்கு 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறைகளை அறிவித்த பின் அவ்வாண்டு அக்டோபரில் தடை விலக்கப்பட்டது. கார்பெட் காப்பகத்தில் நடந்த சட்டவிரோதக் கட்டுமானம், மரவெட்டு தொடர்பான வழக்கில் 2025 நவம்பர் 17-இல் அளித்த தீர்ப்பில், இரவு நேரச் சுற்றுலா கூடாது என்றும், மையப் பகுதியின் சுற்றுலா மண்டலங்களில் செல்போன் பயன்பாட்டை அனுமதிக்கக்கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. புலி தெரிந்ததும் ஒரு செல்போன் அழைப்பில் எல்லா ஜீப்புகளும் ஒரே இடத்தில் குவியும் வழக்கத்துக்கு அது கடிவாளமாகலாம்.

எனினும், இந்த அக்கறை புலியோடு நின்றுவிடுகிறது என்பதே கவலைக்குரியது. புலிக்கு ஆணையம் இருக்கிறது, நிதி இருக்கிறது, கணக்கெடுப்பு இருக்கிறது. தவளைக்கு இவை எதுவும் இல்லை. புலி ஒன்று இறந்தால் உடற்கூறாய்வும் அறிக்கையும் கட்டாயம். ஏழு தவளைகள் மறைந்ததை உலகம் அறிந்துகொள்ள ஓர் ஆய்வாளரின் விடாமுயற்சியும் ஒரு வழிகாட்டியின் மனசாட்சியும் தேவைப்பட்டன.

வழிகாட்டியின் இக்கட்டு

இந்த விவகாரத்தில் அதிகம் பேசப்படாத மனிதர் அந்த வழிகாட்டிதான். மலைக்காடுகளில் வழிகாட்டிகளாகவும் தற்காலிக வனக்காவலர்களாகவும் பணிபுரிவோரில் பலர் பழங்குடியினர். அகத்தியமலையில் அவர்கள் காணிக்காரர்கள். எந்தப் பாறையில் எந்தப் பறவை அடையும், எந்த ஓடையில் எந்தத் தவளை ஒலிக்கும் என்ற அறிவு அவர்களுடையது. அந்த அறிவைத் தேடித்தான் வெளியூர்க் கேமராக்கள் வருகின்றன. விரும்பிய படம் கிடைத்தால் வந்தவர் மகிழ்வார்; அன்பளிப்பும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அடுத்த முறை வேறு வழிகாட்டியைத் தேடிப் போய்விடுவார். மரத்துண்டைத் தொடாதீர்கள் என்று, நாள் கூலி தரும் விருந்தினரிடம் கண்டிப்பாகச் சொல்லும் துணிவை அவரிடம் மட்டும் எதிர்பார்ப்பது நியாயமாகாது. அந்தத் துணிவை அவருக்குத் தரவேண்டியது வனத்துறை.

தீர்வு என்ன?

முழுத் தடை தீர்வாகாது. தடை விதித்தால் அனுமதி கேட்டு வருபவர் நிற்பார். கேட்காமல் நுழைபவர் நிற்கமாட்டார். ஆர்வலர்கள் எடுக்கும் படங்கள் பல இனங்களின் பரவலை அறிய ஆய்வாளர்களுக்கு உதவிவருவதையும் மறுக்க முடியாது. ஆகவே, முறைப்படுத்துவதே வழி.

அதற்கு முன்மாதிரி கேரளத்திலேயே இருக்கிறது. மூணாறு அருகே உள்ள இரவிகுளம் தேசியப் பூங்கா, வரையாடுகள் குட்டி ஈனும் பருவத்தில் ஆண்டுதோறும் பார்வையாளர்களுக்கு மூடப்படுகிறது. நுழைவுக் கட்டண வருவாயை இழந்தும் இந்த நடைமுறை கைவிடப்படவில்லை. தமிழகமும் கேரளமும் இணைந்து 2025-இல் நடத்திய கணக்கெடுப்பில் 2,600-க்கும் மேற்பட்ட வரையாடுகள் கண்டறியப்பட்டன. குட்டி ஈனும் ஆட்டுக்குக் கிடைக்கும் அமைதி, முட்டையிடும் தவளைக்கும் கிடைக்கவேண்டும். இனப்பெருக்கப் பருவத்தில் குறிப்பிட்ட ஓடைகளையும் சோலைகளையும் மூடிவைப்பது இயலாத காரியமல்ல.

அனுமதிச் சீட்டிலேயே நிபந்தனைகள் அந்தந்த மாநில மொழியில் தெளிவாக அச்சிடப்படவேண்டும். விலங்கைத் தொடக்கூடாது, இடம் மாற்றக்கூடாது, மரத்துண்டையும் கல்லையும் புரட்டக்கூடாது, குரல் ஒலிக்கவிடக்கூடாது என்ற நான்கு வரிகள் போதும். மீறலைத் தெரிவிக்கும் வழிகாட்டிக்கு வேலைப் பாதுகாப்பும், அபராதத்தில் ஒரு பங்கும் உண்டு என்றால், சட்டத்துக்குக் காட்டிலேயே கண்கள் கிடைத்துவிடும். புகைப்படப் போட்டிகள் நடத்துவோர், படம் எடுக்கப்பட்ட விதத்தைக் கேட்டறிந்த பின்னரே பரிசளிக்க வேண்டும். பரிசு நின்றால் போட்டியும் தணியும்.

இட விவரத்தை மறைப்பதும் எளிது. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற மக்கள் அறிவியல் தளங்கள், அபாயத்தில் உள்ள இனங்களின் சரியான இடத்தைத் தாமாகவே மறைத்துவிடுகின்றன. தனிநபர்களும் செல்போனில் இடக்குறிப்பை நிறுத்திவைத்துவிட்டு, மாவட்டத்தின் பெயரை மட்டும் குறிப்பிடலாம்.

சட்டத்தின் விளக்கத்தில் நீர்நில வாழ்வனவற்றின் முட்டைகளையும் மறைவிடங்களையும் சேர்க்கும் பொறுப்பு தில்லிக்கு உரியது. ஒரே வரித் திருத்தம் போதும். பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியே, தோட்டங்களிலும் விடுதிகளிலும் நடக்கும் இரவுநேரப் புகைப்படப் பயணங்களுக்கு விதிமுறை வகுப்பது மாநில அரசுகளின் கடமை.

வாழிடம் துண்டாடப்படுவதும், சாலைகளும், பருவநிலை மாற்றமும்தான் பெரிய ஆபத்துகள் என்பதில் ஐயமில்லை. அகத்தியமலை நிலப்பரப்பில் வனமல்லாத பயன்பாடுகளைக் கணக்கெடுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025-இல் மத்திய அதிகாரக் குழுவுக்கு உத்தரவிட்டதும் அதனால்தான். அவற்றோடு ஒப்பிட்டால் கேமரா ஏற்படுத்தும் சேதம் சிறியது. ஆனால், பெரிய ஆபத்துகளை நீக்க ஆண்டுகளும் கோடிகளும் தேவை. இதை நிறுத்துவதற்கோ, புரட்டக் குனிந்த கை பின்வாங்கினால் போதும்.

நெய்யாற்றின் ஊற்றுக்கண் அந்தச் சோலைகளில்தான் இருக்கிறது. ஈரம் காக்கும் மரத்துண்டும் இலைச்சருகும் கலைக்கப்படாத காடே ஆற்றையும் காக்கும். அங்கு வாழும் தவளைகளைத் தனுவச்சபுரத்துக்காரர் பலர் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை. யார் கண்ணிலும் படாமல் அவை அங்கே இருந்தாலே போதுமானது.